அழித்த கோடு

அப்பாவின் ஈஎக்ஸ்5 மோட்டாரை விற்பது என்று முடிவானதும், வலதுபக்க என்ஜின் மூடியை மெருகேற்றும் வேலை என்னிடம் வந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவனுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இதுதான்.

என்ஜின் ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, மூடியை எடுத்துப் பழைய பெயிண்டை உரித்தேன். அடியில் வெள்ளையாகப் பூத்துப்போன அலுமினியம். நடுவே விரல் நீளத்துக்கு மூன்று கோடுகள். பந்திங் சாலையில் ஒரு மழைநாளில் அப்பா விழுந்ததன் மிச்சம்.

240-இல் தொடங்கி 400, 800, 1200 என்று மணல்தாளை நனைத்து நனைத்துத் தேய்க்கவேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்துவிட்டுத் தன் கீறலை விட்டுப்போகும். கடைசியில் ஆட்டோசோல். ஆனால் ஆழமான கோட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது. அது கிடக்கும் ஆழத்துக்குச் சுற்றியுள்ள நல்ல உலோகத்தையும் இறக்கவேண்டும். வார்ப்பு அலுமினியத்தின் மேல்தோல்தான் இறுக்கமானது. அதைத் தாண்டினால், வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றின் குழிகள் ஊசிமுனை அளவில் தெரிய ஆரம்பிக்கும். எனக்கும் தெரிந்தன.

அங்கேதான் கை நின்றது. நான் செய்வது சுத்தமா, பொய்யா?

விற்கும் முன் மோட்டாரைக் கழுவாதவர் உண்டா? கழுவுவது பொய்யில்லை என்றால் தேய்ப்பது மட்டும் எப்படிப் பொய்யாகும்? அலுமினியமே அப்படித்தான். எவ்வளவு தேய்த்தாலும் காற்று பட்ட கணத்தில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். வெற்று அலுமினியத்தை நாம் யாரும் தொட்டதில்லை. இந்த வாதம் எனக்கே கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. ஆக்சைடு உலோகத்தைக் காக்கிறது. என் பளபளப்பு யாரைக் காக்கிறது?

சேறு எதையும் சொல்வதில்லை. கோடு சொல்கிறது. அதைப் பார்ப்பவன் குனிந்து ஃபோர்க் வளைந்திருக்கிறதா, ஹேண்டல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். கோட்டை அழிக்கும்போது, வாங்குபவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வியையும் சேர்த்தே அழிக்கிறேன். வள்ளுவர் வாய்மையைச் சொல்லை வைத்துத்தான் அளக்கிறார். நானோ ஒரு சொல்லும் பேசவில்லை. சிக்கலே அதுதான்.

ஆனாலும் தேய்த்து முடித்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம்.

வாங்க வந்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். மூடியைத் தடவிப் பார்த்து, "சூப்பர்ணே" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. அவன் பணத்தை எண்ணத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"வலது பக்கம் ஒரு தடவ விழுந்திருக்குப்பா. நான்தான் கோட்டத் தேய்ச்சேன். ஃபோர்க்க நல்லாப் பாத்துக்க."

குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. என்றாலும் 200 ரிங்கிட் குறைத்துத்தான் கொடுத்தான்.

"அவன் கேட்டானா?" என்றார் அப்பா. ராத்திரி சாப்பிடும்போது என்னோடு பேசவில்லை. குறைந்தது என் பணமில்லை, அவருடையது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.