பெண்குதிரைப் பந்தயமும் ஐந்து குற்றங்களும்



கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களை நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உயிரைப் போக்காமலே விரதம் பழுதுபடும் வழிகள் இவை.

இங்கிலாந்தில் செல்டனாம் என்னும் ஊரில், மார்ச்சு மாதந்தோறும் பெண்குதிரைகளுக்கென்றே ஒரு தடைதாண்டும் பந்தயம் நடைபெறுகிறது. 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓட்டம். வழியெல்லாம் மூன்றரை அடி உயரத் தட்டிகள். பத்தமடைக்கு வந்திருந்த என் பேத்தி, 2015ஆம் ஆண்டுப் பந்தயத்தைக் கைப்பேசியில் காட்டினாள். முன்னணியில் வந்த ஆனி பவர் என்னும் குதிரை கடைசித் தடையில் விழுந்தது, பின்பு எழுந்தது. அது விழும்வரை, ‘இன்னும் விரைவாய்ப் போ’ என்று என் உள்ளமும் அதைத் துரத்திற்று. மறைப்பானேன்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்றவள் நான்.

அங்கே குதிரைகளுக்கு உணவு குறைவில்லை. நம்மூர் வண்டிமாடுகளினும் நன்றாகவே உண்கின்றன. ஆனால் ஜாக்கியும் சேணமுமாக 70 கிலோ அளவு முதுகில் ஏறுகிறது. சவுக்கடியோ, தடைதாண்டும் பந்தயத்தில் ஏழு முறை வரை செல்லும் என்பது 2023 முதல் அந்நாட்டு விதி. சவுக்குக்கு மெத்தை சுற்றியுள்ளனர். வரம்பிட்டது நன்றே, வரம்புக்குள் விழுவதும் அடிதானே?

குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதன்று என 1996இல் நம் உச்ச நீதிமன்றம், சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். இருக்கட்டும். சூது நீங்கினாலும் சவுக்கு நீங்கவில்லையே. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது. சம்பவநாதருக்கு இலாஞ்சனமாய் அமைந்தது.

பிறரை மட்டும் சொல்லுவானேன்? பணியில் சேர்ந்த புதிதில், சேரன்மாதேவி இரயில் நிலையத்திலிருந்து ஜட்கா வண்டியில் பள்ளிக்குப் போவேன். ஒருநாள் நேரமாகிவிட்டது. வண்டியில் பூட்டியிருந்தது சினைக்குதிரை. “அண்ணாச்சி, ஒரு தட்டுத் தட்டுங்களேன்” என்றேன். அவர் தயங்கினார், நான் மீண்டும் சொன்னேன். தட்டினார். பள்ளி வாயிலில் அவர் இறங்கி அதன் கழுத்தை நீவிக்கொண்டிருக்க, நான் மணியோசைக்கு அஞ்சித் திரும்பிப் பாராமல் உள்ளே போனேன்.

மாலைதோறும் கோரைப்பாயில் அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்கையில், அந்தக் குதிரையிடம்தான் முதலில் மன்னிப்பு வேண்டுகிறேன். இப்போது ஆனி பவரையும் சேர்த்துக்கொண்டேன்.