கன்னிங்

'கன்னிங்' என்பது நயவஞ்சகத்துக்கு ஆங்கிலேயன் இன்று வைத்திருக்கும் பெயர். சில நூற்றாண்டுகளுக்கு முன் அவனுக்கே அது அறிவின் பெயர், கைத்திறனின் பெயர். கற்றவனைப் பாராட்டிய சொல் கயவனைச் சுட்டும் சொல்லாயிற்று! நம் வீட்டிலும் இதே கதைதான். வள்ளுவர் சூழ்ச்சி என்றது ஆராய்ந்து எண்ணுதலை. இன்று ஒருவரைச் சூழ்ச்சிக்காரர் என்று அழைத்துப் பாருங்கள், வழக்குக்கு வருவார்!

அறிவின் பெயர் வஞ்சகத்தின் பெயராக இறங்குவானேன்? அறிந்தோர் சிலர், அறியவிடப்படாதோர் பலர் என்றிருந்த நாட்டில், அந்தச் சிலரின் அறிவு பலரின் முதுகில் ஏறிச் சவாரி செய்தது. ஏமாந்தவன் அகராதியில் அச்சொல் வேறு எப்பொருளைப் பெறும்? மொழிநூலார் வேறு காரணம் கூறலாம். நமக்குத் தோன்றுவது இது.

கல்வராயன் மலையைப் பார்ப்போம். அங்கு வெள்ளிமலை வட்டாரத்து ஊர்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. நாடு 1947இல் விடுதலை பெற்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், தன் 23ஆம் பிரிவால் கட்டாய உழைப்பைத் தடுத்தது. மலையிலோ, மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்தபடி இருந்தனர். ஏன் என்று கேட்டால், வழக்கம் என்பதே விடை.

இதில் பொய் எங்கே? வழக்கம் என்பது உண்மைதானே! கன்னிங்கின் நுட்பமே இங்குதான் இருக்கிறது. பொய்யனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். உண்மையில் பாதியை மட்டும் உரைப்பவனை என்ன செய்வது? 'இது வழக்கம்' என்பது உரைத்த பாதி. 'மறுக்க உனக்கு உரிமை உண்டு' என்பது விழுங்கிய பாதி.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்தத் தந்திரத்தை அறிந்திருந்தது. கடனுக்கும் முன்பணத்துக்கும் ஈடாகப் பெறும் உழைப்போடு அது நிற்கவில்லை. வழக்கத்தின் பெயரால், பிறந்த சாதியின் பெயரால் பெறும் உழைப்பையும் கொத்தடிமை என்றே குறித்தது.

"அவர்கள் ஏமாற்றவில்லை, வழக்கத்தைத் தாமும் நம்பினார்கள்" என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. நம்பியிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை அவர்களில் ஒருவரையேனும் ஒரு நாளேனும் கூலியின்றி ஏர் பிடிக்க வைத்ததா?

கூலியில்லாக் கட்டாய உழைப்பைச் சோழர் காலக் கல்வெட்டுகள் வெட்டி என்கின்றன. இன்று வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. யாருக்குப் பயனற்றது? செய்தவனுக்கு. செய்வித்தவன் களஞ்சியம் அதனால்தான் நிறைந்தது.