உறுதியும் மண்வெட்டியும்

நெதர்லாந்தில் வீடு வாங்குபவருக்குச் சட்டம் மூன்று நாள் யோசிக்கத் தருகிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்ததிலிருந்து அந்த நாட்களுக்குள், காரணம் ஏதும் சொல்லாமல், வேண்டாம் என்று விலகிவிடலாம். விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் வங்கிக் கடனையும் கூரை ஒழுக்கையும் மனதில் வைத்திருப்பார்கள். அவற்றைப் பற்றி என் கணவர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் சைவ சித்தாந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

'யான்', 'எனது' இரண்டும் பாசத்தின் வேலை என்று சின்ன வயதில் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் படித்தோம். உடம்பு, மனம் முதலான கருவிகள், வாழும் உலகு, நுகரும் பொருள் என்று நான்கு. தனு, கரணம், புவனம், போகம் என வரிசையாக ஒப்புவிக்க வேண்டும். நான்கும் இறைவன் மாயையிலிருந்து ஆக்கி உயிருக்குத் தந்தவை. உயிர் அவற்றைப் பயன்படுத்தலாம், சொந்தம் கொண்டாடக் கூடாது. இதைச் சொல்லித்தந்த வாத்தியார், பக்கத்து வளவுக்காரன் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று மல்லாகம் நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருந்தவர். அன்றைக்கு அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. தத்துவம் தெரிந்தபிறகும் வேலி வேலிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் விலை பேசிய வீடு பேம்ஸ்டரில், அம்ஸ்டர்டாமுக்கு வடக்கே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வீடு வாங்கியிருந்தால் மீனோடுதான் குடியிருந்திருக்க வேண்டும். அது ஒரு பெரிய ஏரி. அம்ஸ்டர்டாம் வணிகர்கள் காசு போட்டார்கள். அவர்களில் முன்னால் நின்ற டிர்க் வான் ஒஸ், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்களில் ஒருவர். ஏரியைச் சுற்றி அணை கட்டி, வெளியே வட்டக் கால்வாய் வெட்டி, காற்றாலைகளை நிறுத்தித் தண்ணீரை இறைத்தார்கள். 1610இல் புயலில் கடலணை உடைந்து ஏரி திரும்பவும் நிறைந்தது. மறுபடி இறைத்தார்கள். 1612இல் தரை காய்ந்தது. கடல் மட்டத்துக்குச் சராசரி மூன்றரை மீற்றர் கீழே இருக்கும் அந்தத் தரையை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் சதுரங்களாகப் பிரித்தார்கள். அந்தக் கோடுகளுக்காகவே யுனெஸ்கோ 1999இல் அதை உலக மரபுச் சொத்தாக்கியது.

கூம்புக் கூரை போட்ட பெரிய பண்ணை வீடுகள் பார்க்க ஆசையாய் இருக்கும். எங்கள் சம்பளத்துக்கு அவை எட்டாது. எங்களுடையது வரிசை வீடுகளில் ஓர வீடு. பின்னால் சின்னத் தோட்டம், தோட்டத்தின் முடிவில் ஒரு வாய்க்கால், அதற்கப்பால் மாடுகள். ஊரில் அப்படியொரு அமைதி. எங்கோ ஒரு நீரேற்று நிலையம் ஓடுவதால் கிடைக்கிற அமைதி அது. பம்புகளை நிறுத்தினால் மழையும் நிலத்தடி ஊற்றும் சேர்ந்து ஏரி மெல்லத் திரும்பி வந்துவிடும்.

என் பெயரில் ஏற்கெனவே ஒரு வீடு உண்டு. யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990இல் சண்டை தொடங்கிச் சனம் எழும்பியபோது நாங்களும் எழும்பினோம். சில வருடங்களுக்குப் பிறகு, எனக்குக் கலியாணம் பொருந்தியபோது, அப்பா மானிப்பாயில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தான் கால் வைக்க முடியாத அந்த வளவை எனக்குச் சீதனமாக எழுதினார். நொத்தாரிசு உறுதியை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதியிருக்கிறார். இரண்டு பரப்பு ஆறு குழி. வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய மனைவியின் காணி, மேற்கே இன்னொருவருடைய காணி. உள்ளிட்ட வீடு, தென்னை, மா முதலிய பயன்தரு மரங்கள், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை. எழுதிய அன்றைக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள ஒருவரும் இல்லை. எல்லையாகப் பெயர் எழுதப்பட்டவர்களில் ஒருவர் இன்று ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் இறந்துவிட்டார். எங்கள் காணியின் எல்லைகளே புலம்பெயர்ந்துவிட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய காணிகளையும் இராணுவத்தினர் விட்டார்கள். வேறு இடங்களிலும் துண்டு துண்டாக விட்டார்கள். எங்கள் துண்டு இன்னும் முள்வேலிக்கு உள்ளேதான்.

இந்த உறுதியின் பின்னால் தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தர, 1707இல் சட்டமானது அது. சொத்து பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்று முதலில் கேட்கும். காணியை விற்பதானால் உரித்தாளிக்கும் பங்காளிக்கும் அடுத்த காணிக்காரனுக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்பது அதன் பழைய விதி. அதை எழுதிவைத்தவர்களின் நாட்டில் நான் வாங்கும்போது அடுத்த வீட்டுக்காரருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மற்றவர்கள் என்ன விலை கேட்டார்கள் என்று தெரியாமலே நாங்கள் எங்கள் விலையைக் கேட்டோம். எழுதப்போகும் உறுதியில் காணிப் பதிவக இலக்கம் இருக்கும், பரப்பளவு இருக்கும். அயலவர் பெயர் ஒன்றுகூட இருக்காது.

எங்களோடு நெதர்லாந்துக்கு வந்தவர்களில் பலர் நீண்ட காலம் வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். நாளைக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பு. டென் ஹெல்டர் பிள்ளையார் கோயிலில் ஒருவர், "எனக்கு வீடு வாசலில பற்றில்லை" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் வாடகை வீட்டு வரவேற்பறையில் ஊர் வீட்டின் படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையோடு தொங்குகிறது. அவருக்குப் பற்று இருந்தது. முழுவதும் வேறொரு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். எல்லாம் மாயை என்று உறுதி கையில் உள்ளவன் சொல்வதற்கும் வீடு பறிகொடுத்தவன் சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. முன்னவன் சொன்னால் ஞானம். பின்னவன் சொன்னால் பெரும்பாலும் அது வலிக்கு மருந்து. மருந்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைச் சித்தாந்தம் என்று ஏற்பதுதான் கடினம்.

அந்த யோசிக்கும் நாட்களில் அடுத்த வீட்டு முதியவரைப் போய்ப் பார்த்தேன். தேசவழமை எனக்கு விட்ட மிச்சம் அது என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர், சீர்திருத்தச் சபைக் கிறித்தவர். கோப்பி போட்டுத் தந்து, கூட ஒரே ஒரு பிஸ்கற் தந்தார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று நான் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் நேராகவே பதில் சொன்னார். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறதாம்: நிலம் கடவுளுடையது, அதை என்றென்றைக்குமாக விற்கக் கூடாது, மனிதர் அதில் வந்து தங்கியிருக்கும் அந்நியர். "நாங்கள் உக்கிராணக்காரர் மட்டும்தான் அம்மா" என்றார். நான் தனு கரண புவன போகத்தை விளக்கினேன். அவர் தலையாட்டினார். இரண்டு சமயங்கள் இவ்வளவு சுலபமாக உடன்பட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தன் மேய்ச்சல் நிலத்தை மூத்த மகனுக்கு என்ன விலைக்குக் கொடுத்தார் என்று பிறகு அவரே சொன்னார். அந்நியராய்த் தங்கியிருப்பவர் அவ்வளவு இறுக்கமாக விலை பேசியிருக்கத் தேவையில்லை.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு செய்தியை என்னால் உதற முடியவில்லை. இடைக்காலத்தில் இந்தக் கடலோரங்களில் நிலம் வைத்திருந்தவனுக்கு அணையிலும் ஒரு பங்கு உண்டு. அந்தத் துண்டை அவனே காக்க வேண்டும். முடியாமற் போனவன் தன் மண்வெட்டியை அணையில் குத்திவிட்டுப் போய்விடுவான். அதை எவன் பிடுங்குகிறானோ அவனுக்கு அந்த நிலம், கூடவே அந்த அணைத் துண்டும். நிலத்தை விட்டு வேலையையோ, வேலையை விட்டு நிலத்தையோ எடுக்க முடியாது.

நான் படித்த துறவுக் கதைகளில் இந்தச் சிக்கல் வரவே இல்லை. பட்டினத்தார் மாளிகையை விட்டு எழுந்து போனார். கணக்குவழக்கைச் சேந்தனார் பார்த்துக்கொண்டார். துறவிக்கும் ஒரு கணக்குப்பிள்ளை தேவைப்பட்டிருக்கிறார். பள்ளமான இந்த நிலத்தில் ஒருவன் சும்மா எழுந்து போனால் அடுத்த வீட்டுக்காரன் நனைவான். இங்கே 'எனது' என்பதைக் கைவிட ஒரே நேர்மையான வழி, எல்லோருக்கும் தெரிய மண்வெட்டியைக் குத்துவது.

அப்போதுதான் அப்பர் நினைவுக்கு வந்தார். எங்கள் கோயிலில் நால்வர் வரிசையில் அவர் கையில் மட்டும் ஒரு கருவி இருக்கும்: உழவாரம். புல் செதுக்கும் சாமான். அவருக்கென்று வீடு இல்லை, காணி இல்லை. ஊர் ஊராகப் போய்த் தனக்குச் சொந்தமில்லாத வீதிகளில் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடக்க, புல்லோடும் கல்லோடும் சேர்த்து அவற்றையும் குளத்தில் எறிந்தார் என்பது பெரியபுராணக் கதை. இதைப் பொன்னை வெறுத்த கதை என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. பொன்னை எறிந்தவர் உழவாரத்தை எறியவில்லை. இடம் துப்புரவாக வேண்டியிருந்தது, பொன் இடைஞ்சலாகக் கிடந்தது. சொந்தம் என்று பிடிப்பதற்கும் விட்டுவிட்டுப் போவதற்கும் நடுவில் ஒரு நிலை உண்டென்றால், அது அந்தக் கருவியைப் பிடித்த கைதான். சைவம் இதைச் சரியை என்று முதற்படியில் வைத்திருக்கிறது. முதற்படி என்பதால் நாங்கள் அவசரமாகத் தாண்டிவிட்டோம்.

பின்வாய்க்கால் விஷயமும் அப்படித்தான். வாய்க்காலை ஒட்டிய நிலக்காரர் தம் பக்கத்துப் புல், பாசியை ஒவ்வோர் ஆண்டும் அகற்ற வேண்டும். இலையுதிர் காலத்தில் நீர்வாரியத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். இந்த வாரியங்கள் அரச குடும்பத்தை விடப் பழையவை. ரைன்லாந்து வாரியம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், தனி வரி. இந்நாட்டுக் குடியுரிமை இல்லாமல் சட்டப்படி வசிக்கும் ஒருவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை, நீர்வாரியத் தேர்தலில் உண்டு. தண்ணீர் கடவுச்சீட்டுப் பார்ப்பதில்லை என்பதை இவர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த சட்டம் அதுதான்.

இவ்வளவையும் ஏற்றபிறகு ஒரு முள் மிச்சம் இருந்தது. மண்வெட்டி நியாயத்தை அப்படியே எங்கள் ஊர் வளவுக்குப் போட்டால் நான் தோற்றுவிடுவேன். இத்தனை வருடமாக அங்கே ஒரு புல்லுக்கூட நான் பிடுங்கவில்லை. கிணறு தூர்ந்திருக்கும். காக்காதவனுக்கு நிலம் இல்லை என்றால், வேலிக்கு உள்ளே இருப்பவன் தோட்டம் போட்டுத் தண்ணீர் இறைத்தால் அவனுடையதாகிவிடுமா? இதை நான் ஒப்ப மாட்டேன். அந்தப் பழைய வழக்கத்தில் மண்வெட்டியைக் குத்துவது நிலக்காரனின் சொந்தக் கை. எங்கள் கையில் மண்வெட்டி இருக்கவே விடவில்லை. துரத்தப்பட்டவனைத் துறந்தவன் கணக்கில் எழுதுவதற்குச் சித்தாந்தத்திலும் இடமில்லை, அணைக்கட்டு வழக்கத்திலும் இடமில்லை. போகாமல் விட்டவனுக்குக் கடமை தவறிய பழி வரலாம். அந்தக் கிணற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் போக விடாதவன்தான்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவ இன்னும் மானிப்பாயில்தான். கன நேரம் பேசாமல் இருந்தா.

"அங்க வாங்கினா இஞ்சத்தையை விட்டமாதிரித்தானே பிள்ளை?"

"விடேல்லை அம்மா. அது சீதனம், இது தேடிய தேட்டம். ரெண்டும் ரெண்டு."

"கிணறு இருக்கோ?"

கிணறு இல்லை, வாய்க்கால் இருக்கிறது, அதை நாங்கள்தான் துப்புரவாக்க வேண்டும் என்றேன்.

"நீ துப்புரவாக்காட்டி என்ன செய்வினம்?"

"அவையளே ஆள் விட்டுச் செய்துபோட்டு என்னட்டைக் காசு கேப்பினம்."

"காணியைப் பறிக்கமாட்டினமோ?"

"பறிக்கமாட்டினம்."

"அப்ப வாங்கு."