வால்வு சேர்க்கும் இதம்

ஜெஞ்சாரோம் வீட்டில் சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு வால்வு பெட்டியை மாட்டினேன். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குழாய் மெல்லச் சூடேறி ஆரஞ்சாக ஒளிர்ந்தது. டி.எம்.எஸ். பாடினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதான்டா தோட்டத்துல கேட்ட கொரலு."

உண்மையில் அது ஒரு பிழை. 100 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போனால், வால்வு அதோடு கொஞ்சம் 200 ஹெர்ட்ஸையும் கலந்து அனுப்புது. பதிவில் இல்லாத ஒலி. ஆனா அதே சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காது அதைக் குறையாக நினைப்பதில்லை, இதம் என்கிறது.

அப்பாவின் தோட்டக் கதைகளும் அப்படித்தான். லயத்துச் சிரிப்பு, கோயில் திருவிழா, வால்வு ரேடியோ. அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "விடியுமுன்ன பெரட்டு, வந்தா சமையல். ரேடியோ கேக்க எனக்கு எங்கடா நேரம்?"

இதம் சேர்ப்பது பொய்யா? பெட்டியைக் கழற்றினால் சிடியில் இருப்பது அப்படியே கேட்கும். நினைவுக்கு அப்படியொரு சிடி கிடையாது, சொல்வதே பதிவாகிவிடுகிறது.

அப்பா பாட்டுக் கேட்கையில் வால்வு எரியட்டும். என் மகளுக்குத் தோட்டத்தைச் சொல்லும்போது அம்மாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்கணும்.