நாரத்தையின் மணமும் தொழிலாளியின் வியர்வையும்

அல்ஹம்துலில்லாஹ்! வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்!

  

இந்த வாரம் ஒரு சிறிய கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஜும்ஆவுக்குப் புறப்படும்போது நறுமணம் பூசுகிறோமே, அது யாருக்காக? நமக்காகவா, பக்கத்தில் நிற்கப் போகிறவருக்காகவா?

நம் வீடுகளில் ஒரு காலத்தில் 'யூடிகோலன்' என்றொரு குப்பி இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தண்ணீரில் சில சொட்டு விட்டு, துணியை நனைத்து நெற்றியில் போடுவார்கள். 'கொலோன் நகரத்துத் தண்ணீர்' என்பதே அதன் பொருள். 1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய கடையில் அதைப் பெயர்பெறச் செய்தவர் இத்தாலியில் பிறந்த ஃபரீனா. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் ஆகியவற்றின் தோலெண்ணெய்தான் அதன் உயிர். முந்நூறு வருடங்கள் கடந்தும் இந்தப் புளிப்புப் பழ வாசனைக்கு மவுசு குறையவில்லை.

காரணம் என்ன? சிறுமலையிலிருந்து திண்டுக்கல் சந்தைக்கு வரும் எலுமிச்சை ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உடனே கமழும். குளித்து எழுந்த சுத்தத்தை நினைவூட்டும். அதன் எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடுவதால், சிறிது நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஊது அத்தரைப் போல நாள் முழுக்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்காது. அடுத்தவரைத் திணறடிக்காத மணம் என்பதால்தான் அது பலருக்கும் பிடிக்கிறது.

இந்தக் குடும்பத்துப் பழம் ஒன்றை நபி (ஸல்) அவர்களே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். குர்ஆன் ஓதும் முஃமினை 'உத்ருஜ்ஜா' என்ற பழத்துக்கு ஒப்பிட்டார்கள்: அதன் வாசனையும் நன்று, சுவையும் நன்று. ஓதாத முஃமின் பேரீச்சையைப் போன்றவர்: மணமில்லை, ஆனால் இனிப்பு உண்டு. குர்ஆன் ஓதும் நயவஞ்சகனோ நறுமணச் செடியைப் போன்றவன்: முகர்ந்தால் மணக்கும், கடித்தால் கசக்கும். அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. உத்ருஜ்ஜாவைத் தமிழில் நாரத்தை என்றும் எலுமிச்சை என்றும் சொல்கிறார்கள்.

இதில் சிந்திக்க ஒன்று இருக்கிறது. வாசனை இருப்பது பழத்தின் தோலில். குப்பியில் அடைத்து விற்கப்படுவது அந்தத் தோலின் மணம் மட்டுமே. சாறு அதில் இல்லை. தோலின் மணத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். உள்ளே இருக்க வேண்டிய சுவையை நாம்தான் விளைவிக்க வேண்டும்.

ஆல்கஹால் கலந்த சென்ட் பூசலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். திராட்சை, பேரீச்சையிலிருந்து எடுக்கப்படாத ஆல்கஹால் என்றால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு, வெளியில் பூசுவதற்கு முஃப்தி தகீ உஸ்மானி போன்ற இக்கால ஹனஃபீ ஆலிம்கள் இடம் தருகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் போதை தரும் திரவம் நஜிஸ் என்பதே பிரபலமான சட்டம். பேணுதலை விரும்புகிறவருக்கு ஆல்கஹால் கலக்காத அத்தர் இருக்கிறது. இதற்காக ஒருவரை ஒருவர் பழிக்க வேண்டியதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஜும்ஆ குளிப்பு எப்படி வந்தது தெரியுமா? இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விவரித்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அன்றைய மக்கள் உழைப்பாளிகள். கம்பளி உடுத்தி, முதுகில் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள். பள்ளிவாசலோ குறுகலானது, தாழ்ந்த கூரை. வெயில் நாளில் வியர்வை வாடையால் ஒருவருக்கொருவர் சங்கடப்பட்டார்கள். அதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இந்த நாள் வந்தால் குளியுங்கள், உங்களிடம் இருப்பதில் நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த உழைப்பாளிகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. கடைசி ஸஃப்பில் நிற்கச் சொல்லவில்லை. ஸல்மான் (ரழி) அறிவிக்கும் புகாரி ஹதீஸில், குளிப்பதும் வீட்டில் இருக்கும் நறுமணத்தைப் பூசுவதும் சொல்லப்பட்ட கையோடு, அமர்ந்திருக்கும் இருவரைப் பிரிக்காமல் இருப்பதும் சொல்லப்படுகிறது. ஆக, நறுமணம் என்பது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. பூசியவர் விலகி நின்றால் அந்த மரியாதை எங்கே போனது?

'பூண்டு தின்றவரைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். பூண்டைத் தொழுதுவிட்டு வந்து தின்னலாம். வியர்வை அப்படியா? அது ஹலாலான சம்பாத்தியத்தின் ஈரம்.

நம் சின்னாளப்பட்டி தறிக்கும் சாயத்துக்கும் பேர்போன ஊர். சாயப்பட்டறையில் நிற்பவர் விரலில் வெள்ளிக்கிழமையும் சாயம் ஒட்டியிருக்கும். பட்டறை நடத்தும் சகோதரரே, கடை வைத்திருக்கும் சகோதரரே! உங்கள் ஆள் வியர்வையோடு ஸஃப்பில் வந்து நிற்கிறார் என்றால், குளிக்க அவருக்கு நேரம் கொடுத்தீர்களா? பாங்கு சொல்லும் வரை வேலை வாங்கிவிட்டு, தொழுகையில் மூக்கைச் சுளித்தால் என்ன நியாயம்? வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே அவரை விட்டுவிடுங்கள். அதுவும் உங்கள் ஜும்ஆவின் நறுமணம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (இப்னு மாஜா). வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்ததை புகாரியில் காண்கிறோம். கூலியைப் பாக்கி வைத்துவிட்டு விலையுயர்ந்த அத்தர் வாங்குகிறவர், மேலே சொன்ன உதாரணத்தில் தாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று யோசிக்கட்டும்.

நறுமணம் பூசுங்கள், அது ஸுன்னத். யாரேனும் அன்போடு நீட்டினால் மறுக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை மறுத்ததில்லை. பூசிய கையோடு பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு சொட்டுத் தடவிவிடுங்கள். பிறகு அவர் தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வெளியை மணக்கச் செய்தது போல் உள்ளத்தையும் இனிக்கச் செய்வாயாக! உழைப்பவரின் உரிமையைப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.