இன்னொருத்தர் பெயரில் ஒரு கொடி

பழைய பேப்பருக்கு என்னென்ன உபயோகம் உண்டு என்று பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு ஓரளவு தெரியும். பஜ்ஜி எண்ணெய் ஒற்றுவது, அலமாரித் தட்டில் விரிப்பது, வெள்ளையடிக்கும்போது தரையில் போடுவது. இன்னொன்று சமீபத்தில்தான் தெரிந்தது. காட்டுக்குள் செடி சேகரிக்கப் போகும் தாவரவியல்காரர்கள் ஒரு கட்டு பழைய பேப்பரோடு போகிறார்கள். இலை, பூ, கிடைத்தால் காய் என்று பறித்ததை பேப்பருக்கு நடுவே வைத்து அமுக்கிக் கட்டிவிடுகிறார்கள். காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, எந்த ஊர், என்ன தேதி, யார் பறித்தது என்று எழுதி பீரோவுக்குள் வைத்தால் நூறு, இருநூறு வருடம் அப்படியே இருக்கும். நாம் எழுதியது மறுநாளே பழசு. அதற்குள் அமுங்கிய இலைக்கு அவ்வளவு ஆயுசு! பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்படி அமுக்கிக் கட்டப்பட்ட ஒரு கொடியைப் பற்றித்தான் இந்த வாரம்.

கேமரூன் என்றால் கால்பந்து ரசிகர்களுக்கு 1990 உலகக் கோப்பையும், 38 வயசு ரோஜர் மில்லா கோல் போட்டுவிட்டு மைதான மூலையில் இடுப்பை ஆட்டியதும் ஞாபகம் வரும். அந்த நாட்டின் தென்மேற்கில், நைஜீரிய எல்லையை ஒட்டி கோருப் என்று ஒரு மழைக்காடு. 1986-ல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உலகத்தின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து செடிகளை வரவழைத்து சோதிக்கும் வேலையை ஆரம்பித்தது. புற்றுநோய்க்கு மருந்து தேடித்தான். எய்ட்ஸ் பயம் உலகத்தைப் பிடித்திருந்த நேரம் என்பதால் அதற்கும் சேர்த்துத் தேடினார்கள். ஆப்பிரிக்கப் பகுதிக்குச் செடி சேகரிக்கும் காண்ட்ராக்ட் மிசௌரி தாவரவியல் பூங்காவுக்கு. அவர்களுக்காக டங்கன் தாமஸ் என்பவர் 1987-ல் கோருப் காட்டில் ஒரு கொடியின் இலைகளைப் பறித்து அனுப்பினார்.

அது வளைந்த கொக்கிகளால் மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறுகிற கொடி. அந்தப் பேரினத்துக்கே கொக்கிக் கிளை என்ற பொருளில்தான் பெயர்: ஆன்சிஸ்ட்ரோக்ளாடஸ். (சொந்தக்காரக் கொடி ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது.) பார்த்தவர்கள், ஏற்கெனவே தெரிந்த 'அப்ரீவியேட்டஸ்' என்ற இனம்தான் இது என்று நினைத்துக்கொண்டார்கள். ரொம்ப ஒன்றும் பெரிய தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

இலையைச் சோதித்தால் எய்ட்ஸ் வைரஸ் செல்களைக் கொல்லவிடாமல் தடுக்கும் சரக்கு ஒன்று கிடைத்தது. மிஷெல்லமைன் பி என்று பெயர் வைத்தார்கள். 1991-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. தலைப்பிலேயே செடியின் பெயர் இருந்தது. தப்பான பெயர்.

எப்படித் தெரிந்தது? நிறைய இலை வேண்டுமே என்று நிஜமான அப்ரீவியேட்டஸ் கொடிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், எதிலும் அந்தச் சரக்கு இல்லை. அப்புறம்தான் முதல் கொடியைத் திரும்ப எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, இலை இலையாக, பூ பூவாகப் பார்த்தார்கள். அட, இது வேற! 1993-ல் தாமஸும் ராய் ஜெரோ என்பவரும் சேர்ந்து அதைப் புது இனம் என்று முறைப்படி வர்ணித்து வெளியிட்டார்கள். பெயர், கோருபென்சிஸ். கோருப்பைச் சேர்ந்தது என்று அர்த்தம். எங்க ஊர்க்காரங்க என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. மருந்து இல்லையென்றால் அந்தக் கொடியை யாராவது இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்திருப்பார்களா? அது பாட்டுக்கு இன்னொருத்தர் பெயரில் பீரோவில் கிடந்திருக்கும். நமக்கு அது தேவைப்பட்டது. அதனால் அதன் பெயரும் தேவைப்பட்டது.

உறுத்தியதற்குக் காரணம் கொடி மட்டுமில்லை.

எனக்குப் பத்து, பதினோரு வயசு இருக்கும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருவார். எல்லோருக்கும் அவர் 'லட்சுமி'. எனக்கு லட்சுமியக்கா. எங்கள் வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷன் வந்ததும் ரேஷன் கார்டில் முத்திரை குத்தி மண்ணெண்ணெயை நிறுத்திவிட்டார்கள். சிலிண்டர் தீர்ந்துவிட்டால் ஸ்டவ்வுக்கு என்ன செய்வது? லட்சுமியக்கா கையில் காசில்லாத மாதங்களில் அவர் கார்டை அம்மா கேட்டு வாங்குவாள். அப்படி ஒரு நாள் கார்டையும் டின்னையும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். வரிசையில் கார்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. இன்னொரு தடவை கத்தினார். 'யாருப்பா இது, சீக்கிரம் வாங்க' என்று பின்னால் இருந்தவர்களும் சத்தம் போட்டார்கள். நானும் சேர்ந்து அக்கம்பக்கம் பார்த்தேன். அவர் கையில் இருந்தது நான் கொடுத்த கார்டு.

அக்காவுக்குக் கணவர் இல்லை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. லட்சுமி என்பது அவருக்கு முன்னால் எங்கள் வீட்டில் வேலை பார்த்தவரின் பெயராம். வந்த புதிதில் பாட்டி பழக்கதோஷத்தில் அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. 'ஏன்க்கா சொல்லவே இல்ல?' என்று கேட்டேன். 'கூப்பிட்டா வரப்போறேன். எதுவா இருந்தா என்ன தம்பி' என்றார். அம்மா 'அப்படியா!' என்று ஆச்சரியப்பட்டாள். மறுநாள் காலையில், 'லட்சுமி, குக்கரை முதல்ல தேய்ச்சுடு.'

மண்ணெண்ணெய் தேவைப்படாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நாள் ஆச்சரியம்கூட இருந்திருக்காது.

சரி, கொடிக்கு வருவோம். பெயர் வைத்தாகிவிட்டது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் இலைகளிலேயே சரக்கு இருந்ததால், கொடியை வெட்டாமல் பொறுக்கினாலே ஆராய்ச்சிக்குப் போதும் என்று கண்டுகொண்டார்கள். கேமரூனிலேயே பயிரிட்டுப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். அப்புறம் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வைரஸை அடக்கும் அளவுக்கும் நரம்பைக் கெடுக்கும் அளவுக்கும் அதிக தூரமில்லை என்று தெரிந்தது. மருந்து முயற்சியை அதோடு நிறுத்திவிட்டார்கள்.

நான் படித்தது பி.காம். தேய்மானம் முழுக்கக் கழித்தபின்னும் ஆபீசில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை ஐந்தொகையில் ஒரு ரூபாய் என்று காட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். பணமதிப்பு போய்விட்டது, ஆனால் பொருள் இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு ரூபாய் சாட்சி. கோருபென்சிஸுக்கும் அந்த ஒரு ரூபாய்தான் மிச்சம் என்று முதலில் நினைத்தேன்.

ஆனால் ஒரு புது இனத்தை எப்படி வர்ணிக்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இலை நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பூ எப்படி, காய் எப்படி, பக்கத்து இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது. 2011 முடியும் வரை இதை லத்தீனில் வேறு எழுதியாக வேண்டும். அடையாளத்துக்கு ஒரு காய்ந்த மாதிரியைக் குறிப்பிட்டாக வேண்டும். எல்லாம் கட்டாயம். இதனால் என்ன பிரயோசனம் என்று எழுதுவது கட்டாயமில்லை! பிரயோசனத்துக்காகத்தான் தேடிப் போனார்கள். ஆனால் பெயர் செல்லுபடியாக விதி அதைக் கேட்கவில்லை. மருந்து தோற்றபோது யாரும் பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. தேவைக்காகக் கொடுத்த மரியாதை, தேவை போன பின்னும் செல்லுபடியாகிறது. நோக்கம் சுத்தமா என்று துருவிக்கொண்டே இருப்பவன் நான். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தோன்றுகிறது.

முழுசாக இல்லை. கோருப் காட்டுக்குள்ளும் சுற்றியும் கிராமங்கள் உண்டு. கொக்கி மாட்டிய கொடி அங்கே நடந்துபோனவர்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஆனால் தாவரப் பெயர்களுக்கான கணக்கு லின்னேயஸ் புத்தகம் எழுதிய 1753-ல் ஆரம்பிக்கிறது. அச்சில் வந்தால்தான் பெயர். வாயில் இருந்தால் இல்லை. 'கண்டுபிடித்தார்கள்' என்று பேப்பரில் தலைப்பு போடுவது எங்கள் ஆட்கள் வேலை. தாவரவியல்காரர்கள் 'வர்ணித்தார்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அது எவ்வளவோ தேவலை.

இதை எழுத உட்கார்ந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். லட்சுமியக்காவின் நிஜப் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

'ஏன், லட்சுமிதானே?' என்றாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டாரே. இங்கே எழுதலாம்தான். ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு தடவை பெயர் வைத்தாகிவிட்டது. கேட்காமல் அச்சில் வேறு போட மனசு வரவில்லை. இரண்டாவது சிலிண்டர் வந்த பிறகு அந்தக் கார்டை நாங்கள் வாங்கவே இல்லை. அவர் எந்த வருஷம் வேலையை விட்டு நின்றார் என்பது அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.