நித்திய ஜீவன்

கிறிஸ்துவ வேதத்தின் தமிழ்ச் சொற்களில் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது 'நித்திய ஜீவன்' என்று தோன்றுகிறது. நம் மரபில் ஜீவன் ஏற்கனவே நித்தியமானது. சைவ சித்தாந்தத்தில் பதியைப் போலவே பசுவும் அனாதி. அதைப் படைத்தவருமில்லை, அதற்கு அழிவுமில்லை. இப்படி நம்பி வளர்ந்தவனிடம் நித்திய ஜீவன் தருகிறேன் என்றால், அவன் மடியிலிருப்பதை எடுத்து அவனுக்கே தானம் செய்வதாகத்தான் படும். கல்யாணமும் குழந்தையும் வேண்டித் திருத்தணியில் படியேறுகிறவன்கூட, முடிவாக என்ன வேண்டும் என்று கேட்டால், பிறவாமை என்றே சொல்லப் பழகியிருக்கிறான்.

சிக்கலில் பாதி மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் ப்ஸுகே, ஸோயே என்று இரு சொற்கள். முன்னது தனிமனித உயிர், பின்னது வாழ்வு. யோவான் சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. முதலாவதைப் பற்றிக்கொள்கிறவன் அதை இழக்கிறான். இவ்வுலகில் அதை வெறுக்கிறவன் இரண்டாவதற்கென்று அதைக் காத்துக்கொள்கிறான். பழைய தமிழ் வேதாகமம் இரண்டிற்கும் ஜீவன் என்றே எழுதியதில் இந்த முரண் மங்கிவிட்டது. 1995இல் வந்த திருவிவிலியத்தின் 'நிலைவாழ்வு' மேலான சொல். ஆனால் அதுவும் கால நீட்சியையே முதலில் நினைவூட்டுகிறது. மூலத்தின் அடைமொழியான அயோனியோஸ் என்பதற்கு யுகத்துக்குரியது என்பது வேர்ப்பொருள். இந்த யுகம், வரப்போகும் யுகம் என்று யூதர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இயேசுவிடம் ஓடி வந்த செல்வந்தன் கேட்டது அந்த வரப்போகும் யுகத்தின் வாழ்வை. யோவான் அதை இன்றைக்கே இழுத்துக்கொண்டு வருகிறார். நம்பியவன் மரணத்தைக் கடந்தாயிற்று என்கிறார். 17ஆம் அதிகாரத்தில் அவ்வாழ்வுக்கு, கடவுளை அறிதல் என்றே இலக்கணம் தருகிறார். கடைசி நாளில் எழுப்பப்படுவதும் அதே நூலில் இருக்கிறது. ஆனால் முடிவின்மை அங்கே விளைவு, சாரம் அறிதல்.

தணிகைமலைக்கு ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்பார்கள். படிகளை மேலும் மேலும் கட்டிக்கொண்டே போனால் ஓயாத ஏற்றம் கிடைக்கும்; சன்னிதி கிடைக்காது. நித்தியத்தை நாட்களின் பெருந்தொகையாக எண்ணுகிறவனின் பக்தி ஒரு நீண்டகால வைப்புநிதி.

இதே தணிகை முருகனைச் சிறுவயதில் கண்ணாடியில் கண்டதாகச் சொல்லப்படும் இராமலிங்க அடிகள் மூன்றாவது வழியில் போனார். இந்த உடம்பிலேயே மரணமிலாப் பெருவாழ்வு என்றார். கிறிஸ்துவமும் உடலைக் கைவிடுவதில்லை. பவுல் பேசுவது உயிர்த்தெழும் உடலைப் பற்றி. ஆனால் பவுலிடம் விதை செத்தால்தான் முளைக்கும். அடிகளுக்குச் சாவே தேவையில்லை. இந்த வித்தியாசத்தைச் சமரசம் என்ற பெயரில் பூசிமெழுகிப் பயனில்லை.

இருந்தும் இரண்டு பாதைகளும் பசியின் வழியாகவே போகின்றன. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்பது செல்வந்தனுக்குக் கிடைத்த பதில். மத்தேயு 25இல் பசித்தவனுக்குச் சோறிட்டாயா என்பதை வைத்தே தீர்ப்பு. 1867இல் வடலூர் தருமசாலையில் அடிகள் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மற்றவன் பசி என்னுடையதாகும்போது 'நான்' என்கிற வேலி தளர்கிறது. சாவு பறித்துக்கொள்ளக் கூடியது அந்த வேலிக்குள் இருப்பதைத்தான்.

அப்படியானால், நித்திய வாழ்வு வேண்டுமென்று சோறு போடுகிறவன் வேலியை இன்னும் உயர்த்திக் கட்டுகிறானா? மத்தேயுவின் காட்சியில் வலப்புறம் நிற்பவர்கள், நாங்கள் எப்போது கொடுத்தோம் என்று திகைக்கிறார்கள். கணக்கு வைத்துக்கொள்ளாதவர்களுக்கே அது வாய்க்கிறது. அதைச் சம்பாதிக்க முடியாது என்பது இதிலேயே விளங்கிவிடும். விரும்பவாவது செய்யலாமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.